ஆடி மாதத்து மாப்பிள்ளை

ஆடி பிறந்துவிட்டால் கல்யாணச் சமையல்காரர்களுக்கு வேலை கிடையாது. முகூர்த்தம் இல்லை, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்கள் செட்டில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். சிலர் கூழ் ஊற்றும் கோயில்களுக்கு அடுப்பு மூட்டப் போவார்கள், சிலர் சித்தாள் வேலைக்கு. எனக்குப் போக இடமில்லாததால் கடலூர் முதுநகரில் எங்கள் சமையல் மாஸ்டர் பாத்திரம் போட்டு வைத்திருக்கும் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வேன். வாடகை கேட்கமாட்டார். பாத்திரத்துக்கு ஒரு காவல் ஆச்சு என்று விட்டுவிடுவார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். இறால் குட்டையில் இருந்தேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் களை வெட்டினேன், சென்னையில் கட்டடங்களில் செங்கல் சுமந்தேன். எந்த வேலையும் கை பழகியதும் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன். கல்யாணச் சமையலில் காய் நறுக்க வந்தது அப்படி வந்த வேலைகளில் ஒன்று.

அந்தச் செட்டில் எனக்கு ஒரே சிநேகிதன் பந்தி பரிமாறுகிறவன். கீரப்பாளையத்துக்குப் பக்கத்து ஊர். மாஸ்டர் பந்திப் பக்கம் வரவே மாட்டார். எல்லாவற்றையும் இவன் பார்த்துக்கொள்வான். இலை விஷயத்தில் மட்டும் இவனிடம் பேச்சு வாங்காத ஆள் எங்கள் செட்டில் கிடையாது. சாப்பிடுகிறவருக்கு இடது கைப்பக்கம் நுனி இருக்க வேண்டும். அவசரத்தில் யாராவது மாற்றிப் போட்டுவிட்டால் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வருவான். "ஏன்டா, இவுங்க கல்யாணத்துக்கு வந்துருக்காங்களா, கருமாதிக்கு வந்துருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவரிடம் சிரித்தபடி இலையைத் திருப்பிப் போடுவான். நுனி மாற்றிப் போட்ட இலையில் சாப்பிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவன் நிஜமாகவே நம்பினான்.

அந்த வருடம் வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் புவனகிரிப் பக்கம். பெண் பார்த்ததும் கல்யாணம் நடந்ததும் பெண்ணுடைய பெரியப்பா வீட்டில். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பல வருடமாகச் சென்னையில். அப்பா அங்கே பெரிய அடுக்குமாடி கட்டும் இடத்தில் சூப்பர்வைசர் என்றும், சைட்டிலேயே வீடு கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். இவன் வீட்டில் அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. ஆடி பிறந்ததும் அந்த அப்பா வந்து முறையாகப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை ஆடியில் சேர்ந்திருக்க விடமாட்டார்கள். மாமனார் கூப்பிட்டால் ஆடிப்பெருக்குக்கு ஒரு வேளை விருந்துக்குப் போகலாம். கூப்பிடாமல் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைகாட்டுவது மரியாதை இல்லை.

நாங்கள் சென்னைக்குக் கிளம்பின அன்று நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். லால்பேட்டையில் முஸ்லிம் கல்யாணங்களுக்குச் சமைக்கும் ஒரு பிரியாணி மாஸ்டருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். "முந்தியே ஆள் போட்டாச்சுப்பா, அடுத்த கல்யாணத்துக்குப் பாப்போம்" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆடிக் காற்று பஸ் ஸ்டாண்டு மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கடலூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது தோளில் கை விழுந்தது. திரும்பினால், பரிமாறுகிறவன்.

"எங்க மச்சான் போற?"

"கடலூருக்குத்தான். வேற எங்க?"

"வா, மெட்ராஸ் போலாம்."

"எதுக்குடா?"

"சும்மாதான். வேலையா வெட்டியா? பீச்சு பாப்போம், மெட்ரோ ட்ரெய்ன்ல ஒரு ரவுண்டு போவோம், வந்துருவோம்."

"நான் கைலியோட நிக்கிறேன்டா."

"மெட்ராஸ்ல கைலி கட்டினவனே இல்லியா? வா மச்சான்."

சும்மா ஊர் பார்க்கப் போகிறவன் ரிசப்ஷனுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வரமாட்டான். கழுத்தில் பவுடர் வேறு திட்டுத் திட்டாக இருந்தது. சென்னை பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது, ஏறிவிட்டோம். எனக்கு அன்று போக இடமும் இல்லை, போகாமலிருக்கக் காரணமும் இல்லை.

கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பில் வலித்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான். அந்தப் போனில் காதில் வைக்கும் ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது. யாரிடம் பேசினாலும் வெளியே சத்தமாகத்தான் கேட்கும். ரிங் போகிற சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது. முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடி அடித்தான். மறுபடி நின்றது. முன் சீட்டில் பலாச்சுளைப் பையை மடியில் வைத்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"எடுக்க மாட்டாங்க போல தம்பி. கொஞ்சம் விட்டுட்டு அடி. எங்களுக்கும் தூக்கம் வருது."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"ஆடிப்பெருக்குக்கு வரட்டுமான்னு கேட்டேன் மச்சான். 'வராதீங்க'ன்னா. ஏன்னு கேட்டேன், கட் பண்ணிட்டா. அதுலேருந்து எடுக்கவே மாட்டேங்குறா."

"வேலையா இருந்துருப்பா."

"தெனமுமா? எங்கம்மா வேற சொல்லிகிட்டே இருக்குது. மெட்ராஸ்ல பெரிய வீட்டுல இருந்த பொண்ணு இந்தச் சேத்துல கால வச்சு எத்தினி நாள் இருப்பா, போனவ வரமாட்டா பாருன்னு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்: "வரமாட்டாளா மச்சான்?"

"எனக்கு என்னடா தெரியும்? நான் என்ன கல்யாணம் கட்டினவனா?"

"நீதான் நாலு ஊர் பாத்தவனாச்சே."

"பாத்ததெல்லாம் ஊருதான்டா."

பாண்டிச்சேரி தாண்டியதும் அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. சைட்டிலேயே வீடு என்று அவன் முதல் தடவை சொன்னபோதே எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. நான் வேலை செய்த கட்டடங்களில் சூப்பர்வைசர்கள் வெளியே ரூம் எடுத்துத் தங்குவார்கள். மோட்டார் பைக்கில் வருவார்கள், பைக்கில் போவார்கள். சைட்டுக்குள் குடும்பத்தோடு இடம் கொடுப்பது ஒரே ஒருத்தருக்குத்தான். கேட்டுக்குப் பக்கத்தில், தகரத்தில். ஆனால் எல்லா சைட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லை. நான் வேலை செய்தது சின்னக் கட்டடங்கள்.

சென்னை வந்துவிட்டது என்று கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்தில் சென்னை இல்லை. கிளாம்பாக்கத்தில் ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டு, அதைச் சுற்றி வெயில். ஊருக்குள் போக இன்னும் பஸ் பிடிக்க வேண்டும். நாங்கள் போக வேண்டியது அந்தப் பக்கம்கூட இல்லை, கேளம்பாக்கம் போகிற வேறொரு பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பெண் வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேளம்பாக்கம் தாண்டி மெயின் ரோட்டு மேலேயே பெரிய டவர் கட்டுகிறார்கள், எதிரில் டீக்கடையும் பெட்ரோல் பங்க்கும் இருக்கும்.

அந்த ரோட்டில் எங்கே பார்த்தாலும் டவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பச்சை வலை போர்த்தியிருந்தது. ஒரு பங்க்குக்கு எதிரில் ஆஸ்பத்திரி இருந்தது, இன்னொன்றுக்கு எதிரில் வெறும் பொட்டல். அவன் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான், தார் சுட்டதும் மறுபடி போட்டுக்கொண்டான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கப்போட்ட பையன்களும் பெண்களும் ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் கைலி புழுதியில் நிறம் மாறியிருந்தது.

"இதுதான் மச்சான் உன் லீவா?" என்று கேட்டேன்.

"திட்டாத. இன்னும் ஒரே ஒரு பங்க்கு."

அடுத்த பங்க்குக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்தது. எதிரில் மாடி மாடியாக எழும்பி நின்ற கட்டடம், உயரமான தகரக் கேட்டு. கேட்டை ஒட்டி நீலத் தகரத்தில் ஒரு கொட்டகை. மேலே ஓலைக்குப் பதிலாகக் கட்டட விளம்பர பேனர் ஒன்றைப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். பேனரில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்தது. கொட்டகைக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவில் கட்டிய கொடியில் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை காய்ந்தது.

அந்தப் புடவை எனக்குத் தெரியும். சிதம்பரம் மேல வீதியில் பெண்டாட்டிக்காக அவன் எடுத்தபோது நானும் கூட இருந்தேன். இந்த நிறம் நல்லா இருக்குமா, அந்த நிறம் நல்லா இருக்குமா என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினான்.

"வேற எடமா இருக்கும்டா. வா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாப்போம்" என்றேன்.

அவன் நகரவில்லை. அப்போது தண்ணி லாரி வந்து நின்றது. கொட்டகையின் தகரம் ஒரு பக்கம் விலகி, அவன் பெண்டாட்டி இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வெளியே வந்தாள். நைட்டிக்கு மேலே துண்டு போட்டிருந்தாள். லாரிக்காரரிடம் ஏதோ சண்டை பிடித்தபடி குழாயில் குடத்தை வைத்தாள். அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ வைத்தார்.

அவன் அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இதுக்கா மச்சான் போன எடுக்கல?"

கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். எழுந்த நேரத்தில்தான் தூக்குவாளியோடு மாமனார் ரோட்டைத் தாண்டி வந்தார். வாட்ச்மேன் போடுகிற நீலச் சட்டை, தோள்பட்டையிலிருந்து பாக்கெட்டுக்கு ஒரு விசில் கயிறு. எங்களைப் பார்த்ததும் நடு ரோட்டில் ஒரு நொடி நின்றார். பைக்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான். வந்தவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கும்பிடுவது மாதிரி இருந்தது. விசில் கயிறு உள்ளங்கைக்குள் போனது.

"வாங்க மாப்ள! என்னா இது, திடீர்னு?"

அவன் எழுந்து நின்றான். "சும்மாதான் மாமா. வேலை இல்லாத மாசம்தான, பீச்சு பாக்கலாம்னு வந்தோம். இவனுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இந்தப் பக்கம் இருக்காராம். பாத்துட்டுப் போலாம்னான்."

"ஆங். பாத்தாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஊர்ல இல்லியாம்" என்றேன்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருப்பேனே மாப்ள. வீட்டுக்குக் கூட்டிகிட்டுப் போலாம்னா..." அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார், எந்த மாடி என்று தேடுகிறவரைப் போல. "வீட்ல பெயிண்டு அடிச்சுகிட்டு இருக்காங்க. எல்லா ரூமையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சுட்டானுங்க. வாடை தாங்கல. பாப்பாவும் அவுங்கம்மாவும் அதான் கோயிலுக்குப் போயிட்டாங்க. வர சாயங்காலம் ஆயிரும்."

அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரில் அவள் குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்பினாள். திரும்பினவள் எங்களைப் பார்த்துவிட்டாள். அவனையும் பார்த்தாள், அப்பாவின் முதுகையும் பார்த்தாள். இன்னொரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் கத்தினார். அவள் அப்படியே தகரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். குடம் அங்கேயே நின்றது.

அவன்தான் பேசினான்.

"அதெல்லாம் வேணாம் மாமா. ஆடியில வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு எங்கம்மா நூறு தடவ சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. அதனாலதான் நான் தகவலே சொல்லல. நீங்க பாத்துட்டீங்க, என்னா பண்றது."

மாமனாரின் முகம் இளகியது. "ஆமா ஆமா. அது சாஸ்திரமில்ல? பெரியவுங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார். உடனே அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஆனா ஒரு வா சாப்டாம உங்கள அனுப்ப மாட்டேன். அதுல மட்டும் பேசக் கூடாது."

டீக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மெஸ். வடக்கத்திப் பையன்கள் சப்பாத்தியும் நம் ஆட்கள் சோறும் சாப்பிடுகிற இடம். தட்டின் மேல் இலை மாதிரி வெட்டின பச்சைக் காகிதத்தைப் போட்டார்கள். மாமனார் அதைப் பார்த்துவிட்டு மெஸ்காரரிடம் போனார்.

"என்னாங்க இது? மாப்ள வந்துருக்காரு. எல போட மாட்டீங்களா?"

"எங்கண்ணே இருக்குது? எல்லாருக்கும் பேப்பர்தான்."

அவர் வெளியே போனார். போனவர் வரவே இல்லை. எங்கள் தட்டுகளை எடுத்துவிட்டு மேஜையைத் துடைத்தார்கள். பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் பூக்கடை எங்கேயோ தேடிப் பிடித்து இரண்டு வாழை இலையோடு வேர்க்க வேர்க்க வந்தார். பரிமாறுகிற பையனை விலக்கிவிட்டு, இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, தானே போட்டார். எனக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு ஒன்று.

மாப்பிள்ளை இலையின் நுனி வலது கைப்பக்கம் இருந்தது.

நான் அவன் கையைப் பார்த்தேன். எந்தப் பந்தியிலும் அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இப்போதும் இலை ஓரத்துக்குப் போனது. ஓரத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டுத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அவன் இலையைத் திருப்பவில்லை.

மாமனார் வாளியை வாங்கிப் பரிமாறினார். சோறு அள்ளத் தெரியாமல் அள்ளினார். சாம்பாரைச் சோற்றுக்கு வெளியே ஊற்றினார். பொரியலை இரண்டு தடவை வைத்தார், அப்பளத்தை மறந்தார். மீன் வறுவல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வைத்தார். "நீங்களும் உக்காருங்க மாமா" என்றதற்கு, "இப்பத்தான் சாப்ட்டேன், வயித்துல எடமே இல்ல" என்றார். பந்தி பரிமாறுகிறவனிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பசியோடு நிற்கிறவனின் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

பாதிச் சாப்பாட்டில் எதிரில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கம்பி ஏற்றிய லாரி, கேட்டுக்கு முன்னால் நின்றது. மாமனாரின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவர் நகரவில்லை. மறுபடி நீளமாக அடித்தான்.

"நீங்க போங்க மாமா, வேலை இருக்கும்."

"அதெல்லாம் பசங்க பாத்துக்குவானுங்க மாப்ள. நம்ம கையில எவ்ளோ பேரு இருக்கான். ரசம் போடட்டுமா?"

மெஸ் வாசல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட பெண் ஒருத்தி வந்து, தோளைக் கொடுத்து அந்தப் பெரிய தகரக் கதவைத் தள்ளித் திறந்தாள். லாரி உள்ளே போனது. அவள் மறுபடி தோளைக் கொடுத்து மூடினாள்.

"சோறு இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா" என்றான் அவன்.

அவனுக்கு ஏற்கெனவே வயிறு முட்டியிருந்தது, எனக்குத் தெரியும். மூன்றாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டான். மாமனார் சந்தோஷத்தில் ஊறுகாய் ஜாடியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் இலையை நிதானமாகத் தன் பக்கம் மடித்தான். அது ஒன்றாவது சரியாக நடந்தது.

பஸ் ஸ்டாப்பில் எங்களை ஏற்றிவிட்டு, "ஆடி முடியட்டும் மாப்ள, பாப்பாவ..." என்று ஆரம்பித்தார் மாமனார். மீதி, பஸ் சத்தத்தில் போய்விட்டது.

நேராகக் கிளாம்பாக்கம் போய் ஊருக்கு வண்டி ஏறலாம் என்றேன். எனக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அவன் கேட்கவில்லை.

"பீச்சு பாக்க வந்தோம்னு சொல்லிருக்கோம்ல மச்சான். போய்த்தான் ஆவணும்."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் அவருகிட்ட பொய் சொன்னதா இருக்கக் கூடாது."

இரண்டு பஸ் மாறி, பாதி தூரம் நின்று, பாதி தூரம் படியில் தொங்கி, மெரினாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. மணலில் அவ்வளவு தூரம் நடந்து தண்ணீர் பக்கம் போகக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. கடலூர்க்காரனுக்குக் கடல் என்ன புதுசா? தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அதே தண்ணீர்தான் இங்கேயும் அடித்துக்கொண்டிருந்தது, கூட்டம்தான் ஜாஸ்தி. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டேன். அவன் செருப்புக் கடித்த இடத்தில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் போன் அடித்தது. எடுத்தான். ஊருக்கே கேட்கும் அந்த ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"பீச்சுல."

"நெஜமாவேவா?"

"நெஜமாதான். அலை சத்தம் கேக்கலியா?"

"கூட அந்த அண்ணன் இருக்காரா?"

"இருக்கான். தூங்கறான்." நான் தூங்கவில்லை. துண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.

சுண்டல்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார்.

"சாப்ட்டீங்களா?"

"உங்கப்பா போட்டாரு. எழுந்திருக்கவே முடியல."

"பாத்தீங்கல்ல..." என்றாள்.

"நான் எதப் பாத்தேன்? வீட்ல பெயிண்டு அடிக்கிறாங்க, நீயும் அத்தையும் கோயிலுக்குப் போயிருக்கீங்கன்னு மாமா சொன்னாரு. சாமி கும்பிட்டியா?"

ஸ்பீக்கரில் காற்று மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கும்பிட்டேன்."

"பெயிண்டு காஞ்சிருச்சா?"

"காயல. ஆடி முடிஞ்சாத்தான் காயும்."

"காஞ்சதும் கூட்டிட்டுப் போக வரவா?"

"நீங்க வர வேணாம். நானே பஸ் ஏறி வரேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க, போதும்."

"கண்டிப்பா வருவியா?"

"அதான் சொல்றேன்ல."

அவள் வைத்துவிட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான் முகத்துத் துண்டை எடுத்தேன்.

"வருவாளா மச்சான்?"

"வரேன்னுதான சொன்னா?"

"வராதீங்கன்னும்தான சொன்னா?"

அதையே ஊர் திரும்புகிற பஸ்ஸிலும் கேட்டான். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது டீக்கடையிலும் கேட்டான். பிறகு என் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினான். அவன் தலை கனமாக இருந்தது. தோள் மரத்துப்போனாலும் நான் நகர்த்தவில்லை. விடிகிற நேரத்தில் கடலூரில் நான் இறங்கிக்கொண்டேன், அவன் அதே பஸ்ஸில் சிதம்பரம் போனான். கொட்டகைக்குப் போய்க் கவிழ்த்துப் போட்ட அண்டாக்களுக்கு நடுவில் படுத்தேன். மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை.

ஆடி மெதுவாகப் போனது. அவன் அவ்வப்போது போன் செய்வான். அவள் இப்போது எடுக்கிறாள் என்பான், ஆனால் அதிகம் பேசவில்லை என்பான். மாமனார் ஆடிப்பெருக்குக்கும் கூப்பிடவில்லை. அவன் அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கடலூரில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு வேலை. பரிமாறுகிறவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்துக் கத்தினார், நான்தான் அவனை ஒளித்து வைத்திருப்பதுபோல. காய் நறுக்கிய கையோடு நானே முதல் பந்திக்கு இலை போட வேண்டியதாயிற்று. இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. மனசுக்குள் அவன் அம்மா சொன்னதுதான் ஓடியது. அவள் வராமல் போய், அவன் எங்கேயாவது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறானோ என்று நினைத்தேன்.

கடைசிப் பந்திக்கு முன்னால் சமையல்கட்டின் பின்வாசலில் பைக் வந்து நின்றது. பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், மாம்பழ நிறப் புடவையில், மடியில் ஒரு பெரிய பை. சிதம்பரம் வரை காத்திருக்கப் பொறுக்காமல் கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கச் சொல்லி அழைத்து வந்திருக்கிறான்.

"எங்கடா போன, எருமை?" என்றார் மாஸ்டர். அவளைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "வாம்மா. ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க. அப்புறம் இவனத் திட்டிக்கிறேன்."

பந்தியில் ஓரமாக உட்காரச் சொன்னான் அவளை. தான் உட்காரவில்லை. இலை எடுத்து வந்தான். நுனி இடது கைப்பக்கம் வருகிற மாதிரி போட்டு, தண்ணீர் தெளித்தான். அவள் அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பொரியல் வாளியோடு நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். எங்கப்பா அன்னிக்கு மெஸ்ல எலைய மாத்திப் போட்டுட்டாராமே? நீங்க போன பொறவுதான் அவருக்கு ஞாபகம் வந்துருக்குது. அந்த நாள்லேருந்து சரியா சாப்புடறதே இல்ல. மாப்ளைக்குக் கருமாதி எல போட்டுட்டேனேன்னு பொலம்பிகிட்டே இருக்காரு. நெஜமாண்ணே?"

அவன் அடுத்த வரிசையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

"எவன் சொன்னான்? நேராத்தான் போட்டாரு."

"உங்கள நான் கேக்கல. அண்ணே, நீங்க சொல்லுங்க."

எனக்குக் கால் வலித்தது, கை முழுக்க வெங்காய வாடை. அவன் அங்கேயிருந்து என்னைப் பார்த்தான்.

"நேராத்தாம்மா இருந்துது" என்றேன். "நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லவா?"

"சொல்லும்மா."

அவள் சாப்பிடாமல், இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போனைத் தேடி எடுத்தாள். நான் பொரியலை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.